ஐந்து ரூபா பேக்கும் பள்ளக்காட்டு யானையும்

கடந்த வாரம் எங்கள் பகுதியில் உள்ள ஒரு சுப்பர் மார்க்கெட்டில் பணம் கட்டும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். இரண்டு கிலோ கோதுமை மா, ஒரு பால்மா பெட்டி, இரண்டு சவர்க்காரம், பேரப்பிள்ளைக்கு ஒரு பிஸ்கட். பில் அடித்த பிள்ளை, "அப்பா, பேக் வேணுமா? அஞ்சு ரூபா" என்று கேட்டது.

"என்ன மகள், பேக்குக்கும் காசா? முந்தி சும்மாதானே தந்தீங்க" என்றார் பெரியவர். சட்டம் அப்படி என்று பிள்ளை சொன்னது. அவர் ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த சால்வையை எடுத்து மேசையில் விரித்தார், சாமான்களை நடுவில் வைத்து நான்கு மூலையையும் முடிந்தார், தூக்கிக்கொண்டு போய்விட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற இளைஞர், "கோடிக்கணக்கில உழைக்கிறவனுகள் இப்ப அஞ்சு ரூபாவுக்கும் வந்துட்டானுகள்" என்றார். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஐந்து ரூபா கொடுத்துப் பேக்கை வாங்கிக்கொண்டு வந்தேன். என்னிடம் சால்வை இருக்கவில்லை. மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் துணிப்பை ஒன்று இருந்தது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

2025 நவம்பர் 1 முதல் இந்தக் காட்சி நாடு முழுவதும் நடந்துகொண்டிருக்கின்றது. கைபிடியுள்ள பொலித்தீன் ஷொப்பிங் பைகளை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, அதன் விலையைக் கடையில் காட்சிப்படுத்த வேண்டும், பற்றுச்சீட்டிலும் அதனைக் காட்ட வேண்டும் என்று நுகர்வோர் விவகார அதிகார சபை வர்த்தமானி மூலம் பணித்தது. சுற்றாடல் நீதிக்கான மையம் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இதற்குப் பின்னால் இருக்கின்றது.

ஆனால் சந்தியில், தேநீர்க் கடையில், வட்ஸ்அப் குழுக்களில் இந்த விடயம் வேறு பெயரில்தான் பேசப்படுகின்றது. "அரசாங்கம் பேக்குக்கும் வரி போட்டுட்டு" என்கிறார்கள். முதலில் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும். இது பேக்குக்குப் போட்ட வரி அல்ல. பேக்கைச் சும்மா கொடுக்காதே என்றுதான் அரசு சொல்லியிருக்கின்றது. நாம் கொடுக்கும் ஐந்து ரூபா கடைக்காரரின் வருமானம். குப்பை அள்ளும் பிரதேச சபைக்கு அதிலிருந்து எதுவும் போவதில்லை. அரசாங்கத்தைத் திட்டுபவர்கள் தவறான இடத்தில் திட்டுகிறார்கள். சரியான இடத்தில் திட்டினால் அவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கின்றது.

பேக் முன்பும் இலவசமாக இருக்கவில்லை. கடைக்காரர் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்கினார், அந்தச் செலவைப் பருப்பு விலையிலும் சீனி விலையிலும் சேர்த்து எம்மிடம்தான் எடுத்தார். இப்போது பேக்குக்குத் தனியாகக் காசு எடுக்கிறார் என்றால் பருப்பின் விலை அந்த அளவுக்காவது குறைந்திருக்க வேண்டுமல்லவா? குறைந்ததாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. அதற்கு மேல், நான் காசு கொடுத்து வாங்கிய பேக்கில் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றது. அவர்களது விளம்பரப் பலகையை நான் காசு கொடுத்து வாங்கி, கையில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறேன். இந்தியாவில் சண்டிகாரில் ஒருவர் இதே காரணத்துக்காக நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். தனது பெயர் அச்சிட்ட கடதாசிப் பைக்கு மூன்று ரூபா எடுத்த சப்பாத்துக் கம்பனிக்கு 2019இல் 9,000 ரூபா செலுத்தும்படி உத்தரவானது. எங்கள் வர்த்தமானி விலையை அறவிடச் சொல்கின்றது என்பதால் இங்கே அப்படி வழக்குப் போட முடியாது. விளம்பரம் இல்லாத பேக்குக்கு மட்டும்தான் காசு எடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அயர்லாந்தில் இதை வேறு விதமாகச் செய்தார்கள். 2002இல் ஒரு பைக்கு 15 சதம் என்று அரசாங்கமே தொகையைத் தீர்மானித்தது. கடைக்காரர் அதை அறவிட்டுக் கொடுப்பவர் மட்டுமே. பணம் சுற்றாடல் நிதியத்துக்குப் போனது. ஒரு வருடத்துக்குள் பைப் பாவனை 90 வீதத்துக்கு மேல் விழுந்தது. சில வருடங்களில் மக்களுக்கு 15 சதம் பழகிப்போய் பாவனை மெல்ல ஏறத் தொடங்கியதும் 2007இல் அதை 22 சதமாக உயர்த்தினார்கள். இங்கிலாந்தில் 2015இல் 5 பென்ஸ், பிறகு 2021இல் 10 பென்ஸ். அங்கே பணம் கடைகளிடம் போனாலும், அதை நல்ல காரியங்களுக்குக் கொடுக்கும்படி அரசு எதிர்பார்த்தது. எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கும் வெளிவந்தது.

ஐயாயிரம் ரூபாவுக்குச் சாமான் வாங்குபவருக்கு ஐந்து ரூபா கண்ணில் படுவதில்லை. நானே அப்படித்தான் வாங்கினேன். ஐந்நூறு ரூபாவோடு வருபவருக்கு அது கண்ணில் படுகின்றது. எனவே முதலில் பழக்கத்தை மாற்றிக்கொள்பவர் ஏழை. தேவையற்ற பேக்குகளைக் காருக்குள் நிறைத்துக்கொண்டு போகின்றவர் அதே வேகத்தில் தொடர்ந்து போகிறார். ஆனாலும் இந்த ஐந்து ரூபாவில் ஒரு நன்மை இருப்பதை மறுக்க மாட்டேன். முன்பு பில் அடித்த பிள்ளை எதுவும் கேட்காமல் ஒரு பாண் துண்டுக்கும் ஒரு பேக் போட்டுத் தந்தது. இப்போது "வேணுமா?" என்று கேட்க வேண்டியிருக்கின்றது. காசை விட அந்தக் கேள்விதான் வேலை செய்கின்றது. கேட்டால் நம்மில் பாதிப் பேர் வேண்டாம் என்றுதான் சொல்வோம் என்று நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் உள்ள சில்லறைக் கடைக்காரரிடம் விசாரித்தேன். பல வருடப் பழக்கம். மேசைக்குப் பின்னால் பேக் கட்டு வழமை போலத் தொங்குகின்றது. "காசு எடுக்கிறீங்களா?" என்றேன்.

"எப்படி சேர் எடுக்கிற? நான் காசு கேட்டா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. அதோட, எனக்கிட்ட வாற சனத்துல பாதி கொப்பிக்குச் சாமான் எடுக்கிறவங்க. கொப்பியில பேக் அஞ்சு ரூபா எண்டு எழுதினா மாசக் கடைசியில சண்டை வரும்."

மாதத்துக்கு எத்தனை கிலோ பேக் வாங்குகிறார், அதற்கு எவ்வளவு போகின்றது என்று அவரே கணக்குச் சொன்னார். சட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடைமுறையானால் முதலில் சந்தோஷப்படுபவர் அவராகத்தான் இருப்பார், ஏனெனில் அந்தச் செலவு அவரது மெல்லிய இலாபத்திலிருந்து போகின்றது. ஆனால் முதலாவது ஆளாகத் தொடங்க அவரால் முடியாது. சங்கமாகச் சேர்ந்து ஒரே நாளில் தொடங்க வேண்டும், அல்லது அதிகாரிகள் வந்து ஒரே நாளில் எல்லாக் கடைக்கும் சொல்ல வேண்டும். நான் கேட்ட வரையில் எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. மீன் சந்தையிலும் இறைச்சிக் கடையிலும் அதே கதைதான். ஆக, இந்தச் சட்டம் எங்கள் ஊரில் குளிரூட்டிய நாலைந்து கட்டடங்களுக்குள் மட்டும் உயிர் வாழ்கின்றது.

இது எமக்குப் புதிதல்ல. 2007இல் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனைத் தடை செய்தார்கள். 2017 ஏப்ரல் 14இல் மீத்தொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 32 உயிர்கள் போன பிறகு, அந்த வருடம் செப்டெம்பர் 1 முதல் லஞ்ச் சீட், ரிஜிபோம் பெட்டி எல்லாவற்றையும் தடை செய்தார்கள். 2021இல் சிறிய சஷே பக்கற்றுகள். 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு. இடியப்பத் தட்டு எங்கள் வீட்டுக் குசினியில் இன்றும் இருக்கின்றது, பழையதுதான், ஆனால் இருக்கின்றது. லஞ்ச் சீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்று பகல் ஒரு சோற்றுப் பார்சல் எடுத்துப் பாருங்கள்.

வெளிநாட்டிலும் எல்லாம் சரியாக நடந்ததென்று நினைக்க வேண்டாம். பங்களாதேஷ் 2002இலேயே மெல்லிய பொலித்தீன் பையைத் தடை செய்த நாடு. வெள்ளத்தின்போது வடிகான்களை அடைத்த பைகள்தான் காரணம். இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு, 2024 ஒக்டோபரில், அதே நாடு அதே தடையைச் சுப்பர் மார்க்கெட்டுகளில் மீண்டும் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. கலிபோர்னியாவில் நகரம் நகரமாகப் பைகளைத் தடுத்தபோது, வீட்டுக் குப்பைக்கென்று விற்கும் சிறிய பைகளின் விற்பனை இரட்டிப்புக்கும் மேல் ஏறியது. எங்கள் வீட்டிலும் ஷொப்பிங் பேக்கில்தான் குப்பை கட்டி வைக்கிறோம். பேக் வராவிட்டால் குப்பையை எதில் கட்டுவது என்று மனைவி கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இடையில் டித்வா புயல் வந்தது. வெள்ளம் வந்த நாட்களில் பேக்கைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசியிருக்கவும் கூடாது. உலர் உணவுப் பொதி எல்லாம் பொலித்தீனில்தான் போனது. நனையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அப்போது முக்கியம். பொலித்தீன் ஒரு ஷைத்தான் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது ஒரு நல்ல பொருள். நல்ல பொருளை ஐந்து நிமிடப் பாவனைக்குப் பிறகு எறிவதில்தான் பிரச்சினை இருக்கின்றது.

எறிந்தால் எங்கே போகின்றது? கொழும்பில் இருப்பவருக்கு இது பத்திரிகைச் செய்தி. அம்பாறைக் கரையோரத்தில் இருக்கும் எமக்கு மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய இடம். ஒலுவில், அஷ்ரப் நகருக்கு அப்பால் பள்ளக்காடு. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எமது ஊர்களின் குப்பைகள் போய்ச் சேர்ந்த இடம். 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அங்கே கழிவு முகாமைத்துவத் திட்டம் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. குப்பை வந்து சேர்ந்தது, மீள்சுழற்சி நடக்கவில்லை. 2014இல் மின்னல் தாக்கி மின்சார வேலி பழுதடைந்தது. அதைத் திருத்தவில்லை. யானைகள் உள்ளே வரத் தொடங்கின.

2022 ஜனவரியில் அங்கே மேலும் இரண்டு யானைகள் இறந்து கிடந்தபோதுதான் உலகப் பத்திரிகைகள் பள்ளக்காட்டின் பெயரை எழுதின. அதோடு சேர்த்து எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். இறந்த யானைகளைப் பரிசோதித்த கால்நடை வைத்தியர் சொன்னது, வயிற்றுக்குள் பொலித்தீன், உணவு சுற்றிய உறைகள், பிளாஸ்டிக், தண்ணீர். யானை வழமையாகச் சாப்பிடும் எதுவும் அங்கே காணப்படவில்லை. உப்பும் எண்ணெயும் சாப்பாட்டு வாடையும் ஒட்டிய பையை யானை பையோடுதான் விழுங்கும். குப்பைக்குப் பழகிய யானை காட்டுக்குத் திரும்புவதில்லை. பக்கத்து வயலுக்கும் ஊருக்கும் வருகின்றது. மதில் உடைந்ததும் வேளாண்மை அழிந்ததும் ஆட்கள் இறந்ததும் எமது பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த கதை. யானைத் தொல்லை என்று பிரதேச செயலகத்துக்கு மனு எழுதுகிறோம். அந்த யானையை அழைத்து வந்தது எங்கள் வீட்டுக் குப்பைப் பை என்பதை அந்த மனுவில் நாம் எழுதுவதில்லை.

புத்தளத்து மக்கள் என்னை மன்னிக்க வேண்டும், அவர்களின் போராட்டத்தை இங்கே நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. கொழும்புக் குப்பையை அறுவைக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு எதிராக 2018இன் பிற்பகுதியில் தொடங்கி மாதக்கணக்கில் அவர்கள் வீதியில் இருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். இன்னொரு ஊரின் குப்பை எங்கள் தலையில் ஏன் என்ற அவர்களது கேள்வி முற்றிலும் நியாயமானது, சமூகம் முழுவதும் அவர்களோடு நின்றது. அதே கேள்வியைப் பள்ளக்காட்டைச் சுற்றி வயல் செய்பவர் எம்மிடம் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

இதனால்தான் இந்தச் சட்டத்தின் குறைகளை இவ்வளவு எழுதிய பிறகும், அதை நீக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் இல்லை. திருத்த வேண்டும். தொகையை அரசாங்கம் ஒரே அளவாக நிர்ணயிக்கட்டும். பேக்கில் கம்பனியின் பெயர் இருந்தால் வாடிக்கையாளரிடம் காசு எடுக்க வேண்டாம். சேரும் பணத்தில் ஒரு பகுதி அந்தந்த ஊர் உள்ளூராட்சி மன்றத்தின் கழிவு வேலைக்குப் போகட்டும், எவ்வளவு சேர்ந்தது என்ற கணக்கு வெளியே வரட்டும். மருதமுனையில் தறி இருக்கின்றது, நெய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு துணிப்பை தைத்து விற்க வெளியூர்க் கம்பனி எமக்கு எதற்கு? இவற்றையெல்லாம் உள்ளூராட்சி உறுப்பினர்களிடம் கேட்கலாம். கேட்பதற்கு முன்னர் எமது பக்கத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கின்றது. அதுதான் எனக்கு வெட்கமாக இருப்பது.

நோன்பு நெருங்கிவிட்டது. என்னுடைய சின்ன வயதில் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் மதிலோரம் வரிசையில் நிற்போம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தூக்குச் சட்டியோ அலுமினிய வாளியோ இருக்கும். வாளியின் வாய் சிறியதாக இருந்தால் கஞ்சி ஊற்றுபவர் ஏசுவார். என் உம்மா எங்கள் வாளியின் அடியில் ஆணியால் வாப்பாவின் பெயரின் முதலெழுத்தைக் கீறி வைத்திருந்தார், மாறிப்போய்விடும் என்று. இன்று அதே மதிலோரம் போய்ப் பாருங்கள். கொதிக்கக் கொதிக்க கஞ்சியைப் பொலித்தீன் பையில் ஊற்றி, றப்பர் பான்ட் போட்டு, அதை இன்னொரு கைபிடிப் பேக்குக்குள் இறக்கிக் கொடுக்கிறோம். மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போக வசதி. அந்தப் பைகளைப் பள்ளிவாசல் பணத்தில்தான் வாங்குகிறோம்.

ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா இறைச்சியும் அப்படித்தான். இரத்தம் ஒழுகும் என்று பேக்குக்குள் பேக். முன்பு தேக்கமிலையில் சுற்றி, பன்னால் இழைத்த பையில் போட்டு வீடு வீடாகப் போனது. பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் ஒழுங்கைக் கான்களை எட்டிப் பார்ப்பவருக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. வர்த்தமானி வியாபாரிகளுக்கானது. பள்ளிவாசல் கஞ்சி விற்பதில்லை. ஆகவே சட்டப்படி எம்மீது குற்றம் இல்லை. ஒரு ஐந்து ரூபாவுக்காகக் கடைக்காரரோடு வாதாடும் நாம், வருடத்தில் முப்பது நாள் எந்தச் சட்டமும் தொடாத இடத்தில் அதே பேக்கை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். வீண்விரயம் பற்றிய குத்பாவை அதே மிம்பரிலிருந்து கேட்டுவிட்டுத்தான் கஞ்சிக்குப் போகிறோம்.

போன ஜும்ஆவுக்குப் பிறகு நடந்த ஜமாஅத் கூட்டத்தில் இதை மெதுவாக எடுத்து வைத்தேன். இந்த நோன்புக்கு எல்லோரும் பாத்திரம் கொண்டுவர வேண்டும் என்று அறிவிப்போம் என்றேன். கஞ்சிக்குப் பொறுப்பானவர் தலையை ஆட்டினார். "சொல்றது சரி சேர். ஆனா வேலை முடிஞ்சு வழியில வாறவன் பாத்திரத்துக்கு எங்க போவான்? நோன்போட வெறுங்கையா வந்து நிக்கிறவனைத் திருப்பி அனுப்பச் சொல்றீங்களா?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வெறுங்கையோடு வருபவர்தான் பெரும்பாலும் கூலித் தொழிலாளி. அவருக்கும் அந்த எழுபது வயதுப் பெரியவருக்கும் அதிக தூரம் இல்லை.

மூலையில் இருந்த கஞ்சி காய்ச்சும் காக்கா அதுவரை வாய் திறக்கவில்லை. "நாம இருபது வாளி வாங்கிப் பள்ளியில வைப்பம். பாத்திரம் இல்லாம வாறவன் அதுல கொண்டு போகட்டும். நாளைக்கு வரக்குள்ள கொண்டு வரட்டும்" என்றார்.

"கொண்டு வராட்டி?" என்றார் ஒருவர்.

"கொண்டு வராட்டி அவன்ட வீட்டுல ஒரு வாளி இருக்கு. பிறகு பேக் கேக்க மாட்டான்."

இருபது வாளி எந்த வாளி என்பதில் கூட்டம் மீண்டும் பிரிந்தது. பிளாஸ்டிக் வாளி மலிவு என்று சிலர், அதுவும் பிளாஸ்டிக்தானே என்று சிலர். கடைசியில் அலுமினிய வாளிக்கு விலை கேட்டு வரும்படி என்னிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். நாளை சந்தைக்குப் போகிறேன்.